பதினெட்டாவது மாடியில் நான் செத்துப்போனது

உயிரோடு இருக்கும்போதே வீட்டு வாசலில் பந்தல் போட வைத்தவன் நான். பழியைப் போட வேறு ஆள் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

2007. துபாய், சோனாப்பூர் லேபர் கேம்ப். இருபத்தாறு வயது. கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன். (பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் 'துபாய்' என்று போடவில்லையே என்ற வருத்தம் வேறு.) என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் இருந்த அரியலூர் செல்வராஜை ஒருநாள் டூட்டிக்கு எழுப்பினோம். எழவில்லை. முப்பத்தொரு வயது, ஹார்ட் என்றார்கள். மூன்றாம் நாள் அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டார். மெத்தையைக்கூட மாற்றவில்லை. அதைப் பற்றி அறையில் ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட.

அடுத்த மாதம் ஒரு காலை. சைட்டில் கட்டடத்தின் வெளிப்பக்கமாக ஏறும் கம்பிக்கூண்டு லிஃப்டில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். பத்தாவது மாடியில் நெஞ்சு படபடத்தது. பதினைந்தில் மூச்சு போதவில்லை. விரல்கள் மரத்து, கோழிக்கால் மாதிரி மடங்கிக்கொண்டன. பதினெட்டில் எனக்கு உறுதியாகிவிட்டது: செல்வராஜுக்கு வந்ததேதான்.

கூட்டாளி கருப்பையா என்னைத் தாங்கிப் பிடித்து கூண்டிலிருந்து இறக்கி, தள விளிம்பில் கிடந்த பிளைவுட் மேல் உட்கார வைத்தார். நான் மனைவிக்குப் போன் போட்டேன்.

"மல்லிகா, எனக்கு நெஞ்சு அடைக்குது. இனி பொழைக்க மாட்டேன். நீ சின்னப் பொண்ணு, யாரையாச்சும் கட்டிக்க."

"யாரை?" என்றாள்.

(பாவம், அதிர்ச்சியில் கேட்டது.) பதில் சொல்வதற்குள் மடங்கிய விரல்களிலிருந்து போன் நழுவி, பதினெட்டு மாடியும் இறங்கிப் போய்விட்டது.

கிளினிக்கில் மலையாளி டாக்டர் ஈசிஜி எடுத்தார். "ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப கை ஏன் சார் மடங்குச்சு?"

"மூளைக்குள்ள பாதாம் பருப்பு சைஸ்ல ஒரு அலாரம் இருக்கு. ஆபத்துன்னா அடிக்கும். உடனே அட்ரினலின் ரத்தத்துல கலக்கும், ஹார்ட் வேகமா ஓடும், மூச்சு வாங்கும். ரொம்ப வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் மடங்கும். உங்களுக்குத் தீ இல்லாமலே அலாரம் அடிச்சிருக்கு. மறுபடி வந்தா மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. சமீபத்துல எதுக்காவது பயந்தீங்களா?"

பக்கத்தில் ஃபோர்மேன் நின்றிருந்தார். "இல்ல சார்" என்றேன்.

"பீமாரி மாஃபி?" என்று டாக்டரிடம் கேட்டார் ஃபோர்மேன். நோய் இல்லை என்பது உறுதியானதும் என் பக்கம் திரும்பினார். "கலாஸ். யல்லா, டூட்டி." முடிந்தது, வேலைக்குக் கிளம்பு என்று அர்த்தம். அன்றிலிருந்து சைட்டில் என் பெயர் 'ஆக்டர்'.

சாயங்காலம் கருப்பையாவின் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். தம்பி எடுத்தான்.

"டேய், நான்தான்."

"எந்த நான்?"

"உங்க அண்ணன்டா. சாகல."

"பந்தல் போட்டாச்சேண்ணே" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "துபாய்லேர்ந்து பாடி வர மாசக்கணக்காவும், ஆக வேண்டியத இப்பவே ஆரம்பிச்சுடலாம்னு மாமா சொன்னாரு. மொட்டையும் எடுத்துட்டேன்" என்றான்.

ஊர் திரும்பிப் பல வருடமாகிறது. தம்பிக்கு இப்போது நிஜமாகவே வழுக்கை. விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும் தலையைத் தடவிக்கொண்டு ஆரம்பிப்பான்: "அண்ணனுக்காக எடுத்தது, அப்புறம் ஒழுங்கா மொளைக்கவே இல்ல." பந்தியே சிரிக்கும். அன்றைக்கு அந்தக் கூண்டில் எனக்கு என்ன ஆனது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு காதுகுத்தில் அவன் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு விரல்கள் மரக்க ஆரம்பித்தன. கையை மடியில் மறைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி மூச்சை இழுத்து மெதுவாக விடப் பார்த்தேன்.

தம்பி என்னை எல்லோரிடமும் காட்டினான். "பாருங்க, அண்ணனுக்குச் சிரிச்சுச் சிரிச்சு மூச்சே வாங்குது."