ஸ்பீடு ஏறாத பீஸ்

ஓய்வெடுப்பதற்காக இந்த உலகத்தில் யாராவது படாத பாடு பட்டிருக்கிறார்கள் என்றால், அது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இருந்த விசில் அண்ணன் ஒருவர்தான். நிம்மதி தேடி இமயமலைக்கு நடந்தவர்கள்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தனியார் பஸ்களை நேரம் பார்த்துக் கிளப்பிவிடுகிற டைம் கீப்பர் வேலை. கழுத்தில் விசில், கையில் நேர அட்டை, வாயில் வசவு. அப்போது நான் அரியலூரில் ஓர் உரக் கம்பெனி டிப்போவில் கிளார்க். தினமும் காலையில் அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று திட்டுகளைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். எனக்கு விழுகிற திட்டு கிடையாது. கண்டக்டர்களுக்கு விழுவது. அதனால் கேட்க இனிமையாக இருக்கும்.

அரியலூருக்கு எட்டுப் பத்துக்கு ஒரு பஸ், எட்டுப் பதினொன்றுக்கு இன்னொரு பஸ். இப்படி நேரம் போட்டுக் கொடுத்தவருக்கு மனித குலத்தின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. நடுவில் இருக்கிற அந்த ஒரு நிமிடத்துக்காக இரண்டு கண்டக்டர்களும் தினமும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள்.

“அண்ணே, என் டயத்துல அவன் ஆள் ஏத்துறாண்ணே!” என்பார் எட்டுப் பதினொன்று.

“அவன் வாட்ச்சு தப்புண்ணே! பிறந்ததுலேந்தே அவன் ஒரு நிமிஷம் முன்னாடிண்ணே!” என்பார் எட்டுப் பத்து.

விசில் அண்ணன் இரண்டு பேருடைய பரம்பரையையும் ஏழு தலைமுறை வரை விசாரித்து, விசிலை ஒரு ஊது ஊதுவார். துறையூர் பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள்.

ஒரு நாள் அப்படி ஊதும்போதே தலை சுற்றி, ஸ்டூலோடு சாய்ந்துவிட்டார். டாக்டர் பிரஷர் பார்த்து, மாத்திரை எழுதி, “டென்ஷன் ஆகாதீங்க, ரிலாக்ஸா ஏதாவது பொழுதுபோக்கு வெச்சுக்குங்க” என்று சொல்லி அனுப்பினார். டாக்டர்கள் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்கிறவர்கள், ரிலாக்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்வதில்லை.

அண்ணன் அதையும் டூட்டியாக எடுத்துக்கொண்டார். “நாளையிலேந்து ரிலாக்ஸ் தம்பி. ஏழேகாலுக்கு ஆரம்பிச்சா ஏழரைக்கு முடிஞ்சிரும்” என்று என்னிடம் நேர அட்டையைக் காட்டினார். துறையூருக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவில் ‘ரிலாக்ஸ்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பாய் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையலிலிருந்து விளையாட்டுச் சாமான் வரை எல்லாம் இருக்கும். அங்கேதான் தேடல் ஆரம்பித்தது. முதலில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா. பட்டனை அமுக்கினால் உள்ளே வளையங்கள் மிதந்துபோய்க் குச்சியில் மாட்டும். அண்ணன் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பாயி, இதுல பத்து வளையம் மாட்டுனதும் முடிஞ்சிருதே. அப்புறம் நா என்னா பண்றது?”

“திரும்ப கவுத்துட்டு மாட்டுங்கண்ணே.”

“மாட்டுனத நானே கவுக்கறதா? என்னா பொழப்பு இது?”

அடுத்து, கையில் பிடித்து விளையாடுகிற கட்டம் போட்ட வீடியோ கேம். சாம்பல் நிறத் திரை, இரண்டு பென்சில் பேட்டரி. ஆயிரக்கணக்கான கேம் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும். திறந்து பார்த்தால் ஏழெட்டு கேம்தான், அதையே மாற்றி மாற்றிக் காட்டும். அதில் கார் ரேஸ் வந்ததும் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. “ஓவர்டேக் எடுக்குறான் பாரு, இதத்தானே நாள் பூரா பாக்குறேன்!” டாங்கி வந்ததும் கையை எடுத்துவிட்டார். “யாரையும் சுடற கேம் வேணாம். சுடணும்னு ஆரம்பிச்சா எட்டுப் பத்துலேந்துதான் ஆரம்பிக்கணும்.” பாம்பு வளர்க்கிற கேமில் பாம்பு தன் வாலையே கடித்துச் செத்தது. அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

மேலிருந்து கட்டைகள் விழ, வரிசை சேர்த்து நிரப்புகிற கேம் மட்டும் பிடித்தது. ஆனால் கொஞ்ச நேரம் ஆனதும் கட்டைகள் வேகமெடுத்தன. பழையபடி தலை சுற்றியது.

“பாயி, எனக்கு வேண்டியது என்னான்னா, வேலை இருக்கணும். ஆனா முடியக்கூடாது. அவசரம் இருக்கக்கூடாது. யாரும் சாகக்கூடாது. நானும் ஜெயிக்கக்கூடாது. அந்த மாதிரி ஒண்ணு குடுங்க.”

பாய் மேலே பார்த்துக் கையை விரித்தார். “அண்ணே, அல்லாஹ்மேல ஆணையா, நீங்க கேக்குறது கேம் இல்ல. கவர்மெண்டு உத்தியோகம்.”

ஆனால் அந்த வாரமே அது வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்த யாரோ ஒருவர் பாய் கடையில் அதே மாதிரி ஒரு கேம் வாங்கிப்போய், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தபோது வீசிவிட்டுப் போயிருந்தார். கோளாறு பீஸ். எவ்வளவு நேரம் ஆடினாலும் கட்டைகள் ஒரே வேகத்தில், கல்யாணப் பந்தியில் மோர் வருகிற வேகத்தில், இறங்கிக்கொண்டே இருந்தன. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப பாய் எடுத்து வைத்திருந்ததை அண்ணன் இரண்டு நிமிடம் ஆடிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“பாயி, ஸ்பீடு ஏறாத பீசு! இதப்போயி கோளாறுங்கிறீங்களே!”

அன்றைக்கு ஆரம்பித்த ஆட்டம் முடியவே இல்லை. வேகம் ஏறாததால் தோற்க வழியில்லை. விசில் ஊத வேண்டியிருந்தால் ஒரு பட்டனை அமுக்கி நிறுத்தி வைப்பார். அப்போது திரை ஓரத்தில் ஆவி பறக்கிற சின்ன டீ கப் படம் ஒன்று வரும். அதைக் கம்பெனிக்காரன் உத்தரவு என்றே அண்ணன் நினைத்தார். கப் வந்தால் டீ குடித்தாக வேண்டும். கேமை என் கையில் கொடுத்து, “டீ குடிச்சிட்டு வந்துடுறேன். தொட்டுடாதே தம்பி” என்று போவார். ஒரு காலையில் நான்கு முறை போவார். டீக்கடைக்காரர் கம்பெனிக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதலாமா என்று யோசித்தார்.

பிரஷர் இறங்கிவிட்டது. டாக்டரே நம்பாமல் இரண்டாம் முறை பார்த்தார். ஆனால் பஸ் ஸ்டாண்டு நிலைமை மோசமாகிவிட்டது. எட்டுப் பத்தும் எட்டுப் பதினொன்றும் சண்டையோடு வந்து நின்றால், “சரிப்பா, ரெண்டு பேரும் பாத்துப் போங்கப்பா” என்று தலை நிமிராமல் சொன்னார். இருவரும் பயந்துபோனார்கள். “அண்ணன் திட்டாம வண்டிய எடுத்தா மனசே சரியில்ல தம்பி” என்று எட்டுப் பத்து என்னிடம் கண் கலங்கினார். அது மட்டுமில்லை, பஸ்கள் நிற்கிற இடத்தையும் கட்டை அடுக்குவது போல அடுக்க ஆரம்பித்தார் அண்ணன். ஒருமுறை செட்டிகுளம் டவுன் பஸ்ஸை அழகாக ஓர் இடைவெளியில் பொருத்திவிட்டார். வெளியே எடுக்க மூன்று பஸ்களை நகர்த்த வேண்டியிருந்தது.

மூன்றாவது மாதம் திரை மங்க ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றினால் ஆட்டம் அழிந்துவிடும், மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். பிரஷர் இறங்கியதே அந்த ஒரே ஆட்டத்தால்தான் என்று அண்ணன் உறுதியாக நம்பினார். “இது போச்சுன்னா நா போயிருவேன் தம்பி” என்றார். சிரிக்கலாம் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்க முடியவில்லை.

அரியலூரில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். கழற்றும் முன்பே வெளியிலிருந்து இரண்டு ஒயரில் புது பேட்டரியைத் தொட்டுக்கொண்டால் ஆட்டம் அழியாது என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். எட்டுப் பத்து பஸ்ஸில் புறப்பட்டோம். அண்ணன் கேமை இரண்டு கையிலும் ஏந்தியபடி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பள்ளம் கண்ட இடத்தில் எல்லாம் பிரேக் போட்டார். சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்களைப் புழுதியில் குளிப்பாட்டிவிட்டு முந்திப் போயின. அதிசயம் என்னவென்றால், பின்னால் வந்த எட்டுப் பதினொன்று முந்தவில்லை. அரியலூர் வரைக்கும் ஹாரன்கூட அடிக்காமல் பின்னாலேயே வந்தது.

மெக்கானிக் கடையில் எட்டுப் பத்து டார்ச் பிடிக்க, எட்டுப் பதினொன்று ஒயர் பிடிக்க, ஆபரேஷன் நடந்தது. அண்ணன் பார்க்க முடியாமல் டீக்கடைக்குப் போய்விட்டார். திரை ஒரு நொடி துடித்தது. அப்புறம் டீ கப் பளிச்சென்று நின்றது. கண்டக்டர்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவரவர் பஸ்ஸுக்கு ஓடினார்கள். நானும் டிப்போவுக்கு ஒரு நடை போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மெக்கானிக் அண்ணனிடம் கேமை நீட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். வேலையில் சுத்தம்.

“ஆட்டம் அப்படியே இருக்குங்க. உள்ள ஒரு கோளாறும் இருந்துச்சு. ஸ்பீடே ஏறாம கெடந்துச்சு. அதையும் சேத்து சரி பண்ணிட்டேன். அதுக்குக் காசு வேணாங்க.”

அண்ணன் வாயைத் திறந்தார். ஏழு தலைமுறை வெளியே வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. “ரொம்ப நன்றிங்க” என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். மூன்று மாதப் பாக்கி வேகத்தையும் சேர்த்துக்கொண்டு கட்டைகள் மழை மாதிரி கொட்டின. திரை கழுத்து வரை நிரம்பியது. இன்னும் ஒரு கட்டை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த நொடியில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். டீ கப் வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே ஆட வேணாம் தம்பி. அது இருக்குல்ல. அது போதும்” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை விசில் சத்தம் ரஞ்சன்குடிக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். எட்டுப் பத்தும் எட்டுப் பதினொன்றும் ஆனந்தமாகத் திட்டு வாங்கினார்கள். ஆனால் தலைக்கு மேல் கோபம் ஏறும்போதெல்லாம் அண்ணனின் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். உடனே குரல் இரண்டு படி இறங்கும். அப்படியே நாலு வருஷம் ஓடியது. பேட்டரி மாற்றுகிற ஒயர் வேலையை மட்டும் நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் நெஞ்சு வலி என்று அவரைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வேனில் ஏறும் முன் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். “டீ குடிச்சிட்டு வந்துடுறேன். தொட்டுடாதே” என்றார். அவர் வரவில்லை. செய்தி வந்த அன்று காலை இரண்டு பஸ்களும் எட்டுப் பதினைந்து வரை புறப்படாமல் நின்றன. சண்டை போட யாருக்கும் மனம் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

இன்றைக்கு என் போனில் நூறு கேம் இருக்கிறது. எதுவும் பிடிக்கவில்லை. சொந்த வீட்டில் பல்பு மாட்டத் தெரியாதவன் என்று என் மனைவி என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறாள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கை நடுங்காமல், இரண்டு ஒயரை வைத்து அந்தப் பேட்டரியை மாற்றுவேன். கழுத்து வரை கட்டைகள் அப்படியே நிற்கின்றன, ஓரத்தில் டீ கப்பில் ஆவி பறக்கிறது. யாருடையது என்று கேட்கிறவர்களிடம், எங்கள் அண்ணனுடையது, டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்கிறேன்.