கராம்பு எண்ணெய் பூசிய கிராபிக்ஸ் கார்ட்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பலாபத்வலவில் ரோட்டோரமாக மாடிக் கட்டடம் கட்டினேன். மிளகும் கராம்பும் காயவைக்கச் சூட்டறை கட்டினேன். அதற்குப் பிளான் போட்டது எந்த இன்ஜினியரும் இல்லை, ஒரு கரித்துண்டும் நானும்தான். ரிவர்ஸ்டன் மலை ஏற்றத்தில் செத்து நின்ற லொறியை வாங்கி உயிர் கொடுத்தேன். மலையிலிருந்து குழாய் இழுத்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். ‘உன்னால் முடியாது’ என்று சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று என்னிடம்தான் மிளகு விற்கிறார்கள். (மீதிப் பேர் செத்துப்போனார்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.)

இவ்வளவும் கட்டின இதே கைதான் என் மகளுக்கு வரவிருந்த வேலையை ஒரு காலை நேரத்தில் உடைத்தது.

மகள் பெயர் கவிதா. ஒரே பிள்ளை. மாடியில் கம்ப்யூட்டர் திருத்திக்கொண்டிருந்தாள். கொழும்பில் கம்ப்யூட்டர் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனி அவளுக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்ட் அனுப்பியது. கேமில் வருகிற படத்தையெல்லாம் வரைந்து தள்ளுகிற பலகை அது. செங்கல் பருமன், சூடு தணிக்க விசிறி வேறு. ஒன்று புதிது. மற்றது பழைய மொடல். சாதாரண கம்ப்யூட்டர் மூச்சுவாங்கிப் படுத்துவிடும் பெரிய கேம் ஒன்றை இரண்டிலும் ஓட்டி, எது செக்கனுக்கு எத்தனை படம் வரைகிறது என்று இன்டர்நெட்டில் நேரலையாகக் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் கம்பனியின் சோதனை வேலை அவளுக்கு நிரந்தரம், வீட்டிலிருந்தே. தவறினால் கட்டார் நாட்டுக்குத்தான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடை அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

“பழசே போதும்னு காட்டப்போறேம்ப்பா. செட்டிங்கைக் கொஞ்சம் கொறச்சா அறுபது படம் வரும்.”

“புதுசு?”

“தொண்ணூறு. ஆனா வெல ரெண்டு மடங்கு. நம்ம பக்கத்துப் புள்ளைங்களுக்குக் கட்டுமா?”

இரண்டு சாக்கு மிளகைப் பக்கத்தில் வைத்தால் கடித்துப் பார்க்காமலே தரம் சொல்பவன் நான். ஒப்பிடுவது பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்?

அன்று காலை அவள் குளிக்கப் போன நேரம் மாடிக்கு ஏறினேன். ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர், கெமராவுக்குத் தெரியும்படி மூடியைக் கழற்றி, கார்டைப் பூட்டித் தயாராக வைத்திருந்தாள். புதுக் கார்ட் கல்யாண மாப்பிள்ளை போல மினுங்கியது. பழையது வெளிறிப்போய், விசிறியில் தூசி படிந்து, பந்தலில் கடைசி வரிசையில் குந்தியிருக்கும் ஏழைச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. என் மகள் நம்பியிருப்பதோ அந்த ஏழையை.

மங்கின சரக்கை வாங்குபவன் முன்னால் வைப்பது எங்கள் தொழிலில் இல்லை. மிளகு வெளிறியிருந்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் புரட்டியெடுப்போம். அது ஏமாற்று இல்லை, வருகிறவனுக்குக் காட்டும் மரியாதை. (வருகிறவனும் விற்கும்போது அதைத்தான் செய்கிறான்.) கீழே போய் நான் சொந்தமாக வடித்த கராம்பு எண்ணெயை எடுத்து வந்தேன். தேங்காயெண்ணெய் போதாதா என்று கேட்காதீர்கள். பிள்ளைக்கு மட்டச் சரக்கா? விசிறி இதழ் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அப்படி மினுங்கியது!

குளித்துவிட்டு வந்தவள் மூக்கைச் சுருக்கினாள். “என்னாப்பா இந்த வாசம்?”

“கீழ கராம்பு காயுதுல்ல.”

காய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

பதினொரு மணிக்கு நேரலை தொடங்கியது. திரையில் ஒரு நகரம் எரிந்தது, மழை பெய்தது, ஒருவன் துவக்கால் சுட்டுக்கொண்டே ஓடினான். புதியதில் தொண்ணூறு. பழையதில் அறுபத்தொன்று. “பாத்தீங்களா, அறுபதுக்கு மேலயே வருது” என்று கெமராவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அந்த அறையில் சிரித்தது அதுதான் கடைசி.

கார்ட் சூடேறச் சூடேற வாசம் அறையை அடைத்தது. பிறகு ‘டக்’. விசிறி இதழ் ஒன்று பறந்துபோய்க் கலண்டரில் அடித்தது. பின்னாலேயே இன்னொன்று. கராம்பு எண்ணெய் சில பிளாஸ்டிக்கைத் தின்றுவிடுமாம். நான் அதைக் கண்ணாடிப் போத்தலில்தான் வைப்பேன், ஏன் என்று யோசித்ததே இல்லை. நாற்பது, இருபத்திரண்டு, ஒன்பது என்று கணக்கு விழுந்தது. துவக்குக்காரன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான்.

கதவோரத்தில் பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதாவது அங்கேயே நின்றிருக்கலாம். சாரத்தை மடித்துக் கட்டி, கையில் போத்தலோடு கெமரா முன்னாலேயே போனேன்.

“பயப்படாத புள்ள. எண்ணெய் காஞ்சிருக்கும். இன்னொரு தரம் பூசினா சரியாப் போயிரும்.”

பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மகள் மெதுவாகத் திரும்பினாள். “என்னா எண்ணெய்ப்பா?”

திரை கறுத்தது. உடனே கம்பனிக்காரரின் டெலிபோன். மரியாதையான மனிதர், சத்தமே போடவில்லை. “மிஸ், கார்ட் ஒடஞ்சது பரவாயில்ல. நாங்க தந்த சாமான்ல ஒருத்தர் கை வச்சிருக்காரு, அது உங்களுக்கே தெரியல. அப்ப உங்க டெஸ்ட்டை எப்பிடி நம்புறது?”

“சரி சேர்” என்றாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மேசையைத் துடைத்தாள். ஏசும் பொறுப்பை என் மனைவி லெட்சுமி எடுத்துக்கொண்டாள்: “மொளகுக்குப் பூசுனீங்க, சாதிக்காய்க்குப் பூசுனீங்க. பெத்த புள்ள வாழ்க்கைக்கும் பூசிட்டீங்களா?”

இரண்டு மாதத்தில் கவிதா கட்டாருக்குப் போனாள். விமான நிலையத்தில் பையைத் தூக்கிக் கொடுத்தபோது, “இதுல ஒண்ணும் பூசலையே?” என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கண் எரிந்தது. (கராம்பு எண்ணெய் இல்லை. அன்று நான் அதைத் தொடவே இல்லை.)

அவள் போய் மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் சொந்தத்தில் எது மினுங்கினாலும், புதுச் சட்டியோ கல்யாணப் பெண்ணின் முகமோ, “நம்ம மொதலாளி கை வச்சாரா?” என்றுதான் கேட்கிறார்கள்.

இப்போது அங்கே சோதனைப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. போன ஞாயிறு வீடியோ கோலில் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைக் காட்டி, முதல் வரியை எங்களுக்குத் தமிழில் வாசித்தாள்: “சோதனைக்கு முன் கார்டை முகர்ந்து பார்க்கவும்.” எந்தெந்த நாட்டுக்காரனோ வந்து நின்று முகர்கிறானாம். தாளின் அடியில் அவள் பெயர் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை.

அந்த முதல் விதி என்னுடையது. அதற்கு நான் கொடுத்த விலை வேறு யாரும் கொடுக்கவில்லை. அதன் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும். பெயரை நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். அவளையே நேரில் வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.