பத்தொன்பதாயிரம் அடிகள்

சோம்பேறிகள் உழைக்க மாட்டார்கள் என்பது தவறான கருத்து. நடக்காமல் இருப்பதற்காக நான் பட்ட பாட்டில் பாதியை நடப்பதில் காட்டியிருந்தால், இன்று என் பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டியிருக்காது.

எனக்குச் சர்க்கரை வந்தபோது நான் ஹேடோ துறைமுகத்தில், கப்பலில் வரும் சரக்கைச் சரிபார்க்கும் குமாஸ்தா. மனைவி புஷ்பாவுக்கு வேறொரு தீவில், ஹட் பேயில் டீச்சர் வேலை. நடுவில் ஏழு மணி நேரக் கடல். "நான் பக்கத்துல இல்லன்னா நீங்க நடக்கவே மாட்டீங்க" என்று ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினாள். என் அடிகளும் இதயத் துடிப்பும் அவள் போனில் தெரியும். தினம் எட்டாயிரம் அடி! (கல்யாணத்தன்று ஏழு அடிதான் கேட்டார்கள்.)

முதல் வாரம் நடந்தேன். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் நிமாயைக் கவனித்தேன்.

நிமாய் எங்கள் ஷெட்டில் மூட்டை தூக்குபவர். வங்காளி, என் வயசுதான். நாள் முழுக்க நடை. டீயும் சமோசாவும் என் பொறுப்பு என்று சொல்லி வாட்சை அவர் கையில் கட்டினேன். போன் பக்கத்தில் இருந்தால்தான் கணக்கு போய்ச் சேரும் என்பதால் அதையும் அவர் சட்டைப்பையில் போட்டேன்.

"எனக்காகத்தானே இவ்வளவு நடக்கறீங்க?" என்று புஷ்பா ராத்திரி போனில் நெகிழ்ந்துபோய்க் கேட்டாள்.

"வேற யாருக்காக?" என்றேன் (வாயில் சமோசா).

மெயின்லாண்டிலிருந்து அரிசி வந்த ஒரு காலை. நிமாய் ஓட்டமும் நடையுமாக மூட்டை சுமக்க, நான் ஷெட்டின் பின்னால் பூரி சாப்பிட்ட களைப்பில் கண்ணயர்ந்துவிட்டேன். ஹட் பேயில் புஷ்பாவின் போன் என் துடிப்பை நூற்று அறுபது என்று காட்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே காட்டவில்லை. நிமாய் கை கழுவ வாட்சைக் கழற்றியிருக்கிறார்.

அவள் பதறி அழைத்தாள். நாலாவது தடவை நிமாய் எடுத்து, பவ்யமாக, "ஸாப் ஸோ கயே" என்றார். ஸாப் தூங்கிட்டார். அந்த 'ஸோ'வை மட்டும் சிக்னல் விழுங்கிவிட்டது. அவள் காதில் விழுந்தது, "ஸாப் கயே." ஸாப் போயிட்டார். லைன் கட்.

பதினோரு மணிக்குக் கப்பல். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ஓடிப்போய் ஏறிவிட்டாள்.

நான் எழுந்து நிமாயிடமிருந்து போனை வாங்கிப் பார்த்தேன். அவள் கூப்பிட்டதை மூட்டை அவசரத்தில் அவர் சொல்லவில்லை. மூன்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. ஹட் பேயில் இது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்காமல், சாயங்காலம் ஒரு மெசேஜும் அனுப்பினேன்: "இன்னைக்கு பத்தொன்பதாயிரம்! எல்லாம் உனக்காக."

ஆறரை மணிக்குக் குவார்ட்டர்ஸ் கதவு திறந்தது. கட்டிலில் சாய்ந்தபடி வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். வாசலில் புஷ்பா. கடல் குலுக்கியதில் வாந்தி எடுத்து, முகமே வெளுத்திருந்தது. நேராக வந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏன் நீ போனை எடுக்கல?" என்று கேட்டேன். (அப்போதும் புத்தி வரவில்லை.)

"ஆஃப் பண்ணி வெச்சுட்டேன். யாராச்சும் போன் பண்ணி, ஆமான்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்."

போனை ஆன் பண்ணினாள். முதலில் வந்து விழுந்தது என் மெசேஜ். படித்தாள். பஜ்ஜியைப் பார்த்தாள். வாட்ச் இல்லாத என் கையைப் பார்த்தாள்.

"யாரு நடந்தாங்க?"

சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நேத்து நீங்க பேசிட்டிருக்கும்போதே கோவத்துல போனை வெச்சேன். கப்பல்ல ஏழு மணி நேரமும் அதையேதான் நெனச்சுட்டு வந்தேன்" என்றாள்.

பஜ்ஜித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன். மறுநாள் அவளே போய் நிமாயிடம், வாட்சை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம், "ரத்தத்தை இவர் கையிலேர்ந்தே எடுங்க சிஸ்டர், வேற ஆளை அனுப்பிடுவார்" என்றாள். அது சொந்தக்காரர்களிடையே பரவிவிட்டது. நான் எதைச் சாதித்தாலும், "நீங்களே செஞ்சதா, ஆள் வெச்சா?" என்று என் மச்சான்கள் கேட்கிறார்கள்.

இப்போது புஷ்பாவுக்கு ஹேடோ பக்கமே மாற்றல் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கொஞ்சம் ஆழ்ந்து தூங்கினால் தோளை உலுக்கி எழுப்பிவிடுகிறாள். எதற்கு என்று கேட்டால், காபி வேணுமா என்கிறாள். வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.