பதில் சொன்ன குளியலறை

காலை ஆறு மணிக்கே அந்தக் குளியலறை வாசலில் வரிசை. ஒருவர் கையிலும் சோப்பு இல்லை, துண்டு இல்லை. எல்லோரிடமும் கேள்வி மட்டும் இருந்தது.

மூன்று மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், தையல்காரம்மா வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளியலறை அது. தரையில் வட்டமாக ஒரு சல்லடை மூடி. அதன் கீழே கழிவுநீர்க் குழாய். பதினோரு நாளாக அந்தக் குழாய்தான் ஊருக்கு எதிர்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தடவை 'களக்' என்றால் ஆமாம். இரண்டு தடவை என்றால் இல்லை. வேலை கிடைக்குமா? களக். போன மகன் திரும்பி வருவானா? களக், களக். கேட்டவர் அங்கேயே அழுதார்.

ஒரு நாள் குழாய் தானாகக் களக்கென்றபோது தையல்காரம்மா பிளம்பரைத்தான் தேடினாள். அவள் தேடி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி குழாய்ச் சாமியைத் தேடிப் பிடித்து வந்துவிட்டாள். வெல்வெட் சால்வை, ஒவ்வொரு கேள்விக்கும் பின் ஒன்றோ இரண்டோ தடவை அடிக்கக் கையில் வெண்கல மணி, உட்கார ஒரு முக்காலி. பாதாளத்தின் குரலையே கேட்கக்கூடிய சாமிக்கு ஈரத்தரையில் கால் வைத்தால் மட்டும் சளி பிடித்துவிடுமாம்.

தையல்காரம்மா அடுப்படியில் குளிக்கப் பழகிக்கொண்டாள். தைத்து வைத்த பள்ளிச் சீருடைகளின் மேல் யார் யாரோ உட்கார்ந்து எழுந்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள். பத்தாவது நாள் சாமி போட்ட போடுதான் தாங்கவில்லை. "இந்த வீடு பாதாளத்தோட வாய். இதுல மனுஷங்க குடியிருக்கக் கூடாது. நானே இங்க தங்கி இதைக் காக்கணும். சந்தேகம் இருந்தா நாளன்னிக்குக் குழாயையே கேளுங்க."

வீட்டுச் சொந்தக்காரர் நெளிந்தார். "எனக்கு உன் மேல ஒரு கோபமும் இல்லம்மா. ஆனா குழாய் ஆமாம்னு சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு. பாதாளத்தைப் பகைச்சுக்க என்னால முடியாது."

பன்னிரண்டு வருட வீடு. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஐம்பது சீருடைக்கு வாங்கிய ஆர்டர். எல்லாம் ஒரு களக்கில் போகப்போகிறது.

அவள் போன் செய்த முதல் பிளம்பர் முகவரியைக் கேட்டதுமே, "அந்த வீடா? நான் பிள்ளைகுட்டிக்காரன்கா, ஆளை விடுங்க" என்று வைத்துவிட்டான். இரண்டாமவன், "தெருமுனைக்கு வந்துட்டேன்கா" என்று சொல்லி மறுநாள் வந்து சேர்ந்தான். அவன் தொழிலில் அது சீக்கிரம்தான்.

சாமி இல்லாத மத்தியான நேரம். சல்லடையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தான் பிளம்பர். பிறகு மொட்டை மாடிக்கு ஏறினான். கால் மணி கழித்து, கையில் ஒரு பாலித்தீன் பையோடு இறங்கி வந்தான்.

"சாக்கடைக்குக் காத்து விடற குழாய் வாயை இது மாதிரிப் பையை வெச்சு இறுக்கிக் கட்டியிருக்காங்கக்கா. காத்து போக வழியில்லன்னா, மேல யாராவது ஒரு பக்கெட் தண்ணியைக் கொட்டினா உங்க வீட்டுல களக்குன்னுதான் கேக்கும்."

"அவுத்துட்டியா?"

"பார்த்துட்டுத் திரும்பக் கட்டிட்டேன். இது பக்கத்துல கெடந்த இன்னொண்ணு." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆமா, மூணாவது மாடியில யாருக்கா இருக்காங்க?"

"யாருமில்ல. பூட்டிக் கெடக்கு. சாவி அந்தப் பக்கத்து வீட்டம்மாகிட்ட."

"பூட்டின வீட்டுக்குப் போற குழாய் ஜில்லுனு இருக்கே. இப்பதான் தண்ணி ஓடியிருக்கு. நாளைக்கு நான் மொட்டை மாடியில இருக்கேன். நீங்க பெரிய கேள்வியைக் கடைசியா கேளுங்க. அதுக்கு முன்னாடி சின்னதா ரெண்டு கேட்டு, பக்கெட்டைக் காலி பண்ணுங்க."

மறுநாள் நிற்க இடமில்லை. சாமி மணியை எடுத்தார். "பாதாளமே! இந்தப் பெண்..."

"இருங்க சாமி. என் வீட்டுக் குழாய். முதல்ல நான் கேக்கறேன்." தையல்காரம்மா சல்லடைக்கு முன் குனிந்தாள். "நான் பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேனா?"

மணி ஒலித்தது. களக். கூட்டம் சிலிர்த்தது. அவள் வாடகை ரசீதே அதைச் சொல்லும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இது தரைத்தளமா?"

மணி. களக்.

"விளையாடாதே பெண்ணே!" சாமி பல்லைக் கடித்தார். "விஷயத்துக்கு வா!"

அவள் ஒரு தடவை மேலே பார்த்தாள். பிளம்பர் மாடியில்தான் இருக்கிறானா, இல்லை தெருமுனையில் நிற்கிறானா?

"நான் இந்த வீட்டைக் காலி பண்ணணுமா?"

மணி ஒலித்தது. பதில் இல்லை. சாமி ஓங்கி அடித்தார். மௌனம். ஐஸ் வண்டிக்காரர் தோற்றார், அப்படியொரு அடி. வீட்டுக்காரர் நகம் கடித்தார்.

அப்போது குளியலறை ஜன்னலுக்கு வெளியே, குழாய்கள் ஏறும் சந்திலிருந்து, மேலேயிருந்து ஒரு குரல் கணீரென்று இறங்கியது:

"மச்சான்! தண்ணி நின்னுபோச்சு மச்சான்! ரெண்டு பக்கெட்டும் காலி!"

பின்வரிசையில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாதாளமே வாய் திறந்து பேசுது! தண்ணிப் பஞ்சம் வரப்போகுதாம்!"

"பாதாளத்துக்கு இந்தச் சாமி எப்ப சார் மச்சான் ஆனாரு?" என்றாள் தையல்காரம்மா.

யாரோ முதலில் சிரித்தார்கள். அதற்குள் மூன்றாம் மாடிப் பாதாளம், முழங்கால்வரை நனைந்த பேன்ட்டோடு, கையில் காலி பக்கெட்டோடு கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே பிளம்பர், அதன் சட்டைக் காலரைப் பிடித்தபடி.

"அந்த வீட்டு வால்வை மூடினேன்கா. அவ்வளவுதான்."

சாமி முக்காலியை விட்டுவிட்டு ஓடினார். ஈரத்தரையில் வெறுங்காலோடுதான். சளி பிடித்ததா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மூன்றாம் மாடிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று யாரும் கேட்காமலேயே நாலு பேரிடம் சொன்னாள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நீ இங்கேயே இரும்மா. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்..."

கூட்டம் கலைவதாக இல்லை. தலைமை எழுத்தர் மெல்லப் பிளம்பரின் பக்கத்தில் ஒதுங்கினார். "தம்பி, உனக்குக் கைராசி இருக்கு. என் பையனுக்கு எப்ப வேலை கிடைக்கும்னு ஒரு வார்த்தை..."

பிளம்பர் ஓரடி பின்வாங்கினான். தையல்காரம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக் கதவைப் பிடித்தாள்.

"பதினோரு நாளா உங்க வாழ்க்கையை என் சாக்கடைகிட்ட கேட்டீங்களே சார். மூணாவது மாடிக்குப் போறதுக்கு மொத்தமே ஐம்பத்துநாலு படி. முழங்கால் வலிக்கும்னு ஏறல, சரி. மூளைக்கு எந்தப் படி சார் வலிச்சுது?"

கதவைச் சாத்தித் தாழிட்டாள். பதினோரு நாளுக்குப் பிறகு அந்தக் குளியலறையில் ஒருவர் குளிக்கும் சத்தம் கேட்டது.