தையல்காரர் பக்கத்தில் தவளை

மதிப்புக்குரிய அண்ணன் சக்கரபாணி அவர்களுக்கு,

நெய்வேலி பக்கத்து வடக்குத்திலிருந்து தங்கை வெண்மதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அண்ணி, கயல், நான் மூவரும் நலம். தண்ணீர் மோட்டார் மட்டும் படுத்துவிட்டது. ஒடிசாவில் தங்கள் உடம்பும் சுரங்கத்து ஷிப்டும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேச ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது.

நான் வேலை பார்க்கும் ஆய்வைப் பற்றி உனக்குச் சொன்னேன். டாக்டர் ரெஜினா பிள்ளைகளுக்கான மனநல மருத்துவர். புத்தியில் ஒரு குறையும் இல்லாத சில பிள்ளைகளுக்கு எழுத்து மட்டும் ஏன் பிடிபடுவதில்லை என்று ஆராய்கிறார். டவுன்ஷிப்பில் ஒரு கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வது என் வேலை. படிவம், போட்டோ, பரீட்சை மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் நம் ஊரார் அதை என்னவென்று நினைப்பார்கள் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். முதல் நாளே தாய்மார்கள் சாதிச் சான்றிதழோடு வரிசையில் நின்றார்கள். கம்மாபுரத்துச் சின்னதுரை என்பவர் சுரங்கத்துக்கு நிலம் எடுத்த பத்திரங்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்.

"நெலம் குடுத்தவங்களுக்குத் தனியா ஏதாச்சும் இருக்குதுங்களா மேடம்?"

"இது வேலைக்கு இல்லீங்க. பாப்பாவுக்குப் படிக்கிறதுல கஷ்டம் இருக்கான்னு பாக்குறோம்."

"சரிங்க மேடம். பெர்மனென்ட் ஆவ எத்தினி வருசம் ஆவும்?"

அவர் கூட்டிவந்த பாப்பா மூன்றாம் வகுப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

பரீட்சை என்றால் டியூஷன் இல்லாமலா? ஒரு டியூஷன் மாஸ்டர் நாங்கள் படிக்கக் கொடுக்கும் தவளைப் பாடத்தை எப்படியோ வாங்கி, இரண்டே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உருப்போட வைத்துவிட்டார். அந்த வாரம் வந்த அத்தனை பேரும் ஒரு தவறில்லாமல் படித்தார்கள். எங்கள் குறிப்புகளை நம்பினால் நெய்வேலியில் படிக்கச் சிரமப்படும் பிள்ளையே இல்லை. டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பாடத்தை மாற்றினார். புதுப் பக்கத்தில் தவளை இல்லை; ஒரு தையல்காரரும் அவருடைய கத்தரிக்கோலும் இருந்தார்கள்.

அன்றைக்கு, அதே மாஸ்டரிடம் டியூஷன் போகும் கயலையும் கூட்டிப்போயிருந்தேன். நீ சோம்பேறி என்று திட்டும் உன் மகள் கெட்டிக்காரிதான் என்று டாக்டர் கையால் எழுதி வாங்கி உனக்கு அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம். அவள் அந்தப் புதுப் பக்கத்தின் மேல் விரலை வைத்தாள். "ஒரு குளத்தில் ஒரு தவளை இருந்தது," என்று ஆரம்பித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்விக்குறிக்குக் குரலை உயர்த்தி, தையல்காரர் மேல் விரலை ஓட்டிக்கொண்டே தவளையைக் கடைசிவரை சொல்லி முடித்தாள். காத்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார், "படிக்கிறதுன்னா என்னடா கண்ணு?"

"எல்லாத்தையும் மனசுல வெச்சிக்கினு, அப்புறம் பக்கத்தப் பாத்து சொல்றது. மத்தவங்களுக்குச் சீக்கிரம் மனசுல நிக்கும், எனக்குத்தான் லேட்டாவும்."

ஏழாம் வகுப்பு வரை அவள் அப்படியே வந்திருக்கிறாள், அண்ணா. தினமும் பக்கத்திலேயே இருந்து நானும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து கயல் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

இது டிஸ்லெக்சியா. பைத்தியம் இல்லை. வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுப்பார்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் கிடைக்கும். இந்த மாதக் கடைசிக்குள் படிவத்தில் கையெழுத்து வேண்டும். நீ சொல்லாமல் அண்ணி போட மாட்டேன் என்கிறார். நீயோ, "எட்டாவதோட நான் நின்னேன், கெட்டா போயிட்டேன்? அதுவும் நிக்கட்டும்," என்று போனை வைத்துவிட்டாய். உன்னைக் கல்நெஞ்சன் என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதியே தருகிறேன். உடன் வைத்திருக்கும் படிவத்தை நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. கோபம் தணிந்து, குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
வெண்மதி

பி.கு.: உறையை ஒட்டும்போது அண்ணி வந்தார். "இத்தினி பக்கமா? அங்க அவருக்கு யாரு படிச்சிக் காட்டுவாங்க?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கல்யாணமான மூணாம் மாசமே எனக்குத் தெரியும் பாப்பா. பேரு எழுதுவாரு, அவ்ளோதான். உங்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. பள்ளிக்கோடத்த விட்டு நிறுத்துன்னு சொன்னதும் கோவத்துல இல்ல. 'நான் பெஞ்சு மேல நின்னு அடி வாங்குன மாரி எம்பொண்ணு வாங்க வாணாம்'னு எங்கிட்ட அழுதாரு."

அண்ணா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. 'இல்லை' என்று எழுதியவள் நான்தான். இந்தக் கடிதத்தை நான் அனுப்பப்போவதில்லை; மேலே எழுதியதில் ஒரு வரியும் உனக்கு வராது. இதோ, போனில் குரலாகவே பதிந்து அனுப்புகிறேன். அதில் இவ்வளவுதான் இருக்கும்: "அண்ணா, உன்னப் பத்தி கயலுகிட்ட நீயே சொல்லு. உலகத்துல அது ஒண்ணுதான் இப்பிடின்னு நெனச்சிக்கினு இருக்குது."