நாத்தனார் வருவதற்குள்

"மறுபடியும் போயிடுச்சா?" என்று மேனேஜர் கத்தியது ஆலை முழுக்கக் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? இயந்திரங்கள்தான் மொத்தமாக வாயை மூடிக்கொண்டுவிட்டனவே! அச்சுக்குள் பாதி உருவான பிளாஸ்டிக் வாளிகள் அப்படியே உறைந்து நின்றன. இந்த மாதம் முழுக்க இதே கூத்துதான்.

கரண்ட் அக்கா ஓடினாள். மின் பிரிவு அவள் பொறுப்பு என்பதால் ஆலைக்கே அவள் கரண்ட் அக்கா. மேனேஜர் அறைக்குப் பின்னால் இருந்த டிரான்ஸ்ஃபார்மர், உள்ளே வாயு சேர்ந்துவிட்டதென்று அதன் காவல் கருவியான ரிலே சொன்னதால் தானாகவே அணைந்திருந்தது. சோதித்துப் பார்த்தாள். வாயுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"லோடு ஜாஸ்தியா இருக்கும் சார்" என்று பாதி இயந்திரங்களை நிறுத்தினாள். உற்பத்தி படுத்ததில் மேனேஜருக்கு வியர்த்தது. ஏசியைக் கூட்டி வைத்தார். டிரான்ஸ்ஃபார்மர் முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது.

"எல்லாரும் உக்காந்து பேசுவோம் சார்" என்றாள். மேனேஜர் அறையில் கூட்டம் நெரிந்தது, ஏசி உச்சத்துக்குப் போனது. பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் மறுபடியும் இருட்டு.

"போதும்மா. வெளியிலேர்ந்து ஆளை வரச் சொல்லிட்டேன்."

"யாரு சார்?"

"உங்க நாத்தனார்தான். இந்த வேலையில பெரிய கையாமே!"

கரண்ட் அக்காவுக்குத் தலை சுற்றியது. "என் தம்பி பொண்டாட்டிக்கு ஃபியூஸ் போடத் தெரியுமோ என்னமோ" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற மனுஷி! அவள் வந்து கண்டுபிடித்துவிட்டால் ஆயுசுக்கும் இதே பேச்சுதான்.

வெளியே வந்து அந்த அறைச் சுவரோரம் நின்ற தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். எந்நேரமும் நனைந்து கிடந்த சீட்டு இப்போதெல்லாம் காய்ந்திருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

"அவங்க வர்றதுக்குள்ள கண்டுபிடிக்கல, நான் கரண்ட் அக்கா இல்ல!"

லைனைத் துண்டித்து, பூட்டுப் போட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் ஏணியில் ஏறினாள். பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. வெயில் கொளுத்துகிறதே! நிமிர்ந்தாள். மேலே மேனேஜர் அறை ஏசியின் தண்ணீர்க் குழாய். அதற்கு நேர் கீழே ரிலேயின் ஒயர்ப் பெட்டி. மூடியின் ரப்பர் சுருங்கி, பெட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த ஈரத்தால்தான் ரிலே பொய் சொல்லியிருக்கிறது!

"மாட்டினியா!" என்று கத்தியேவிட்டாள்.

சூடான காற்றடித்துப் பெட்டியைக் காயவைத்து, புது ரப்பர் போட்டு, குழாயை அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள். வாளிகள் மடமடவென்று விழத் தொடங்கின. மேனேஜர் ஏசியை உச்சத்தில் வைத்துப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மர் அசைந்து கொடுக்கவில்லை.

கருவிப் பையோடு நாத்தனார் வந்து இறங்கினாள். "எங்கே ஃபால்ட்டு?"

"முடிச்சாச்சு அண்ணி" என்று கரண்ட் அக்கா நடந்ததை விளக்கினாள்.

நாத்தனார் பெட்டியையும் பார்த்தாள், குழாயையும் பார்த்தாள். "அடேயப்பா! நானா இருந்தா டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் பூரா இறக்கிப் பார்த்திருப்பேன். கெட்டிக்காரிதான் நீ!"

ஆலையே கைதட்டியது. சந்தோஷத்தில் கரண்ட் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாயும் சும்மா இருக்கவில்லை.

"எந்த மகராசன் குழாயை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் திருப்பி வச்சானோ, அவனை நிக்க வச்சு நாலு கேள்வி கேக்கணும் சார்!"

டீ கொண்டுவந்த ஆபீஸ் உதவியாளர் பவ்வியமாகத் தட்டை நீட்டினார்.

"நான்தான் வச்சேன் மேடம். ஸ்கூட்டர் சீட்டு நனையுதுன்னு போன மாசம் நீங்கதானே திருப்பி வைக்கச் சொன்னீங்க?"