ஆறாயிரம் ரூபாய் வளர்ச்சி

இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை ஒரே மாதத்தில் ஆறாயிரம் ரூபாய் உயர்த்திக் காட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பாளையம்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரம் சேகரிக்கிற வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஜிடிபி'தான்.

நான் அதே திருச்சுழியில் உரக்கடை ஒன்றில் இருந்தேன். தினமும் ஒரே பஸ்ஸில் போவோம். அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் டீ வந்ததும் பாடம் ஆரம்பிக்கும்.

"ஒரு வருசத்துல நாட்டுக்குள்ள வெளைஞ்சது, செஞ்சது, ஒழைச்சது எல்லாத்தோட மதிப்பையும் கூட்டுனா அதுதான் ஜிடிபி, தம்பி. ஆனா வடைய எண்ணிட்டா, உள்ள இருக்குற உளுந்தத் தனியா எண்ணக் கூடாது."

தட்டில் இருந்த நாலு வடையில் மூன்றை அதற்குள் அவர் தின்றிருப்பார். "என்னண்ணே இது?" என்றால், "தலைக்கு ரெண்டு தம்பி. சராசரியப் பாத்தா நாம ரெண்டு பேருமே நல்லாத்தான் இருக்கோம்" என்பார். காசு மட்டும் எப்போதும் நான்தான் கொடுப்பேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் வடையைத் தொடவே இல்லை. முந்தின நாள் அலுவலகத்துக்குப் புதுக் கணக்கெடுப்புப் படிவம் வந்திருக்கிறது. பழகிப் பார்க்கலாமென்று வீட்டில் உட்கார்ந்து தன் குடும்ப விவரத்தையே நிரப்பியிருக்கிறார். மனைவிக்கு நேராக 'வேலை பார்க்கவில்லை' என்று எழுதினார். வீட்டுச் சமையலுக்குச் சம்பளம் கிடையாது, அதனால் ஜிடிபியிலும் இடம் கிடையாது. விதி அப்படி. அந்தத் தாளை மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் அவர் செய்த தப்பு.

"மதினி என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல தம்பி. 'அப்ப காலையில அஞ்சு மணியிலருந்து நான் என்னதான் செய்யுறேன்'னு கேட்டா. அம்புட்டுத்தான். பதினெட்டு வருசமா புள்ளிவிவரம் எடுக்குறேன், பதில் தெரியல."

அன்று சாயங்காலமே ஒரு திட்டத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். மதினி எங்கள் வீட்டுக்குச் சமைக்க வேண்டும். மாதம் மூவாயிரம் நான் கொடுக்க வேண்டும். என் மனைவி அவர் வீட்டுக்குச் சமைக்க வேண்டும். மூவாயிரம் அவர் கொடுப்பார்.

"ஒருத்தருக்கும் நட்டமில்ல தம்பி. ஆனா சம்பளத்துக்கு வேல பாத்ததா ஆயிரும். ஜிடிபியில ஆறாயிரம் ஏறும், படிவத்துலயும் ஏறும்."

நான் சிரித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி, "ரூவாய எங்க கையிலதான குடுப்பீக?" என்று கேட்டாள். அத்தோடு திட்டம் நிறைவேறிவிட்டது.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் வாசல் மாறி வேலைக்குப் போனார்கள். மதினி வைத்த பருப்பு உருண்டைக் குழம்பு இருக்கிறதே, கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டது அன்றுதான். "எப்படி இருந்துச்சு?" என்றாள் என் மனைவி. "ஏதோ இருந்துச்சு" என்றேன். உயிர் மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை?

மூன்றாம் மாதம் இருவரும் சேர்ந்து வந்து சம்பளத்தை ஐயாயிரம் ஆக்கினார்கள். ஜிடிபிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா தம்பி, ஆறாயிரம் பத்தாயிரமா வளந்துருச்சு!"

"அண்ணே, அதே குழம்பு, அதே ரெண்டு கரண்டிதான?"

முகம் தொங்கிவிட்டது. "அப்ப இது வளர்ச்சி இல்ல. வெலவாசி" என்றார். ஆனாலும் கொடுத்தார்; என்னையும் கொடுக்க வைத்தார். தெருவே சிரிக்கிறது, நிறுத்திவிடலாம் என்று கெஞ்சினேன். "கணக்கெடுக்க வர்ற வரைக்கும் பொறு" என்றார்.

கடைசியில் அவர் அலுவலகத்திலிருந்தே ஒரு பெண் படிவத்தோடு வந்தார். அப்போது நானும் ஜிடிபி வீட்டில்தான் இருந்தேன். ஜிடிபியின் வயது, வேலை எல்லாம் எழுதிக்கொண்டவர், "வீட்டம்மாவுக்கு வேல எதுவும் இல்லதான சார்?" என்று தானாகவே எழுதப் போனார்.

"அவளையே கேளும்மா" என்று ஜிடிபி ஒதுங்கி நின்றார்.

மதினி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வேலைக்குப் போறேன். பக்கத்து வீட்டுல சமையல். சம்பளம் அஞ்சாயிரம். எழுதிக்கங்க."

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். ஜிடிபி சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அத்தனை நாள் அவரைக் கிண்டல் செய்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதமே மாறுதல் வந்து குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். நாட்டின் உற்பத்தி பத்தாயிரம் ரூபாய் குறைந்ததை டெல்லியில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பஸ் நிலையத்தில் இன்றைக்கும் நான் நாலு வடைதான் வாங்குகிறேன். ஒன்றைத் தின்று டீ குடித்து முடிக்கும்போது, தட்டில் மூன்று அப்படியே இருக்கிறது.